மூக்கு கனமா கீது, சார்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள கடையில் நாஷ்டா வாங்க நின்றிருந்தேன். போனில் ஸ்டெல்லாம்மாவின் பெயர் வந்தது. "என்ன ஸ்டெல்லாம்மா, ரெக்கைக்கு ஃபிலிம் ஒட்டியாச்சா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டேன். பேசியது அவருடைய மகள் ரீட்டா.

"சார், அம்மா போய்ட்டாங்க சார்."

"எங்கே போயிருக்காங்க?" என்று கேட்டேன். அப்படிக் கேட்ட வாயை என்ன சொல்வது. அந்தப் பெண் அழாமல், எனக்குப் புரிகிற மாதிரி இன்னொரு தடவை சொன்னாள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டதாம்.

கடைக்காரர் பொட்டலத்தை நீட்டினார். வாங்கினேனா இல்லையா என்று இப்போதும் ஞாபகம் இல்லை. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'ஐயோ, இனிமேல் அவரிடம் சொல்ல முடியாதே' என்கிற பயம்தான் வந்தது.

அது என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து மறைத்து எழுத எனக்கு வராது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கரையில் எங்களுடைய பெரிய மாடல் விமானம் விழுந்தது. ஸ்டெல்லாம்மா பேலன்ஸ் சரியாகப் பார்க்கவில்லை, அதனால்தான் விழுந்தது என்று கல்லூரி முழுக்கப் பேசினார்கள். இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார்கள். அது பொய். விழுந்ததற்குக் காரணம் நான். அன்றைக்குச் சாயங்காலமே அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏழு வருஷமாக வாயைத் திறக்கவில்லை, அவரிடம்கூட. வரும் வெள்ளிக்கிழமை கல்லூரியில் இரங்கல் கூட்டம். என்னையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதைத்தான் படிக்கப் போகிறேன். 'போதும் சார், உட்காருங்க' என்று யாராவது சொன்னால் உட்கார மாட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டெல்லாம்மாவுக்கு ஊர் மானாம்பதி. அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் அவரும் நாற்று பறித்தவர்தான். பன்னிரண்டாவது முடித்து, எங்கள் பொறியியல் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்துக்கு அட்டெண்டராக வந்தார். சிறிய வயதிலேயே கணவரை இழந்து, ஒற்றை ஆளாக நின்று ரீட்டாவை நர்ஸுக்குப் படிக்க வைத்தார். நான் அதே கல்லூரியில் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர். என் அப்பா பெருமாள் கோயில் மடப்பள்ளியில் இருந்தவர். எனக்கு லேத்தும் வெல்டிங்கும்தான் கைக்குப் படிந்தன. அதற்கு மேல் இந்த விமானப் பைத்தியம்.

பைத்தியம் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். 'பொம்மை' என்று இன்னொருவர் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒன்பது அடி ரெக்கை, பதினொரு கிலோ எடை, பெட்ரோல் எஞ்சின். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் நின்றபடியே அதைக் குட்டிக்கரணம் அடிக்க வைக்கலாம், தலைகீழாக ஓட்டலாம், செங்குத்தாக மேலே ஏற்றலாம். முன்னால் சுற்றுகிற விசிறிக்குள் கை போனால் விரல் மிஞ்சாது. பொம்மையாம்.

அவர் இதற்குள் வந்தது ஒரு தராசால். ஆய்வகத்துத் தராசை ஒருநாள் நான் கேட்காமலே ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கி வந்துவிட்டேன். அதைத் திருப்பி வாங்க வந்தார். அப்போது ஆறடி ரெக்கை கொண்ட ஒரு விமானத்தை, ரெக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கி, பேலன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வேலையில் உயிர்நாடி இதுதான். குறித்த இடத்தில் தூக்கினால் விமானம் மூக்கும் வாலும் சமமாக நிற்க வேண்டும். மூக்கு கனத்தால் மந்தமாகப் பறக்கும், சமாளித்துவிடலாம். வால் கனத்தால் கைக்கு அடங்காது.

"வால் எறங்குது சார்" என்றார்.

"உங்களுக்குத் தராசுதானே வேணும்? எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன்.

எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அந்த விமானம் ஏறிய வேகத்தில் திரும்பிக் கருவேலங்காட்டில் போய்க் குத்தியது. அதற்கும் மறுநாள் நானே ஆய்வகத்துக்குப் போய், "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"இதுல கண்டுபுடிக்க இன்னா சார் கீது? உங்க வெரலு குறி வெச்ச எடத்துல நிக்கல. பின்னாடி பின்னாடி போய்க்கினே இருந்திச்சி. வெரலைத் தள்ளி வெச்சிக்கினு, பேலன்ஸ் ஆயிடுச்சின்னு நீங்களே சொல்லிக்கினீங்க" என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அன்றிலிருந்து பதினைந்து வருஷம் அவர் கட்டினார், நிறை பார்த்தார், நான் ஓட்டினேன்.

அவருடைய முறை தனி. ஊசல் பரிசோதனைக்காக ஆய்வகத்துக் கூரையில் ஒரு கொக்கி இருந்தது. அதில் நைலான் கயிறு கட்டி விமானத்தைத் தொங்கவிடுவார். எந்த இடத்தில் எடை சமமாக நிற்க வேண்டுமோ, ரெக்கையில் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவார். "நானு பொட்டு வெச்சி வருசமாவுது. அம்மாகிட்ட ஒரு அட்டை வாங்கிக்கினு வாங்க சார்" என்று என் மனைவியிடமிருந்து வரவழைப்பார். எடை சேர்ப்பதற்கு, ஏரியில் மீன் பிடிப்பவர்கள் வலை ஓரத்தில் கோக்கிற ஈயக் குண்டுகளை வாங்கி வைத்திருப்பார். வாலில் இரண்டு, ரெக்கை நுனியில் ஒன்று என்று டேப் போட்டு ஒட்டிப் பார்ப்பார். விமானம் அசையாமல் நின்ற பிறகுதான் உள்ளே பதிப்பார். ஒரு குண்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

"ஸ்டெல்லாம்மா, என்ன தங்கமா நிறுக்கறீங்க?"

"தங்கமா இருந்தா நான் ஏன் சார் உங்க கூட இங்க குந்திக்கினு இருக்கப்போறேன்?"

விமானம் மேலே இருக்கும்போது ஓட்டுகிறவன் அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் தொலைந்தது. அதனால் சுற்றுமுற்றும் பார்ப்பதற்கு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஸ்டெல்லாம்மா எப்போதும் என் இடது தோளுக்குப் பின்னால் நிற்பார். "மாடு வருது சார்", "காத்து திரும்புது சார்", "ரோட்டுக்காரன் வண்டியை நிறுத்திக்கினு பாக்குறான், அந்தப் பக்கம் போவாதீங்க." குரலை உயர்த்தவே மாட்டார். அந்தக் குரல் பின்னால் இருந்தால் நான் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டியதே இல்லை.

பெரிய விமானத்தைக் கட்ட ஒன்றரை வருஷம் ஆனது. பால்சா என்கிற லேசான மரத்தை பிளேடால் சீவிச் சீவி எலும்புக்கூடு செய்து, மேலே பிளாஸ்டிக் ஃபிலிமைப் போர்த்தி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி இறுக்க வேண்டும். அந்த இஸ்திரி வேலையெல்லாம் மானாம்பதியில் அவர் வீட்டில்தான் நடந்தது. வீட்டில் இருந்தது ஒரே கட்டில். அதன் மேல் ரெக்கை படுத்திருக்க, அம்மாவும் பெண்ணும் மாதக்கணக்கில் தரையில் படுத்தார்கள். "ரெக்கைக்கு முதுகு வலி வந்துடப் போவுதுன்னு கட்டில் குடுத்துட்டாங்க சார் எங்கம்மா" என்று ரீட்டா கேலி செய்வாள்.

விமானம் தயாரானதும் கல்லூரிச் செயலாளர் ஆண்டு விழாவுக்கு ஏரிக்கரையில் பறக்கவிட்டுக் காட்டச் சொன்னார். கோடைக்காலம். ஏரியின் ஓரமெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்தது, நடுவில் மட்டும் தண்ணீர். காய்ந்த தரையில் ஷாமியானா போட்டு, சுற்று வட்டாரப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து உட்கார வைத்திருந்தார்கள். முந்தின நாள் ஸ்டெல்லாம்மா நிறை பார்த்து முடித்திருந்தார். பொட்டில் பிடித்தால் விமானம் ஒரு பக்கமும் சாயவில்லை.

விழா நாள் காலையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன். அதிர்வு அதிகமாக இருந்தது. மேல்மூடியைத் திறந்து, எஞ்சினைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளை ராட்செட்டால் முடுக்கினேன். ராட்செட் என்பது ஒரு சாண் நீளத்துக்குக் கைப்பிடி உள்ள ஸ்பேனர், நல்ல இரும்பு, கனமாக இருக்கும். முடுக்கிக்கொண்டிருக்கும்போதே செயலாளரிடமிருந்து போன். "ரகுராமன் சார், கெஸ்ட் கிளம்பிட்டாங்க, ரெடியா?" "ரெடி சார், ரெடி சார்" என்று பேசிக்கொண்டே மூடியைப் போட்டு எட்டுத் திருகாணிகளையும் முடுக்கிவிட்டேன். ராட்செட் எங்கே போனது என்று நான் அப்போது யோசிக்கவில்லை. பேட்டரிக்கும் எஞ்சினைத் தாங்குகிற பலகைக்கும் நடுவில் அது செருகிக்கொண்டு நின்றது.

மூன்று சவுக்குக் கட்டைகளைக் கூட்டிக் கட்டி, அதிலிருந்து கயிறு போட்டு ஸ்டெல்லாம்மா கடைசித் தடவையாக விமானத்தைத் தொங்கவிட்டார். மூக்கைத் தொட்டு நிறுத்திப் பார்த்தார்.

"மூக்கு கனமா கீது, சார்."

"இருக்காது. நேத்துதானே பார்த்தீங்க?"

"நேத்து சரியா இருந்திச்சி. இன்னிக்கி எறங்குது. உள்ள இன்னாவோ கீது. மூடியைத் தொறங்க சார்."

மூடியைத் திறந்து மூடக் கால் மணி நேரம் ஆகும். சிறப்பு விருந்தினரின் கார் ஏரிக்கரை மேல் வந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லாம்மா விமானத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ராட்செட் செருகிக்கொண்டிருந்ததால் சத்தம் வரவில்லை.

"ஒண்ணுமில்ல ஸ்டெல்லாம்மா. போல்ட்டை டைட் பண்ணேன், அவ்வளவுதான். வாலுல குண்டை ஒட்டுங்க, சரியாயிடும்."

"போல்ட்டை முடுக்குனா கனம் ஏறுமா சார்?"

பதில் இல்லாதபோது கோபப்படுவது என் வழக்கம். மாணவர்கள் சுற்றி நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும், "இங்க நீங்க அட்டெண்டரா, நான் அட்டெண்டரா? சொன்னதைச் செய்யுங்க" என்று கத்தினேன்.

இதை எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் வால் பக்கமாக வந்து குனிந்தார். இடுப்பில் செருகியிருந்த பையிலிருந்து ஈயக் குண்டுகளை எடுத்து, வாலுக்கு அடியில் ஒவ்வொன்றாக ஒட்டினார். விமானம் சமமாக நின்றது. "பொட்டுல நிக்கிது. ஆனா எனக்கு மனசு ஒப்பல சார்" என்றார். நான் எஞ்சினைக் கிளப்பினேன்.

ஏற்றம் நன்றாகவே இருந்தது. ஒரு வட்டம் அடித்தேன். பக்கவாட்டில் ஒரு உருளல் போட்டேன். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். பார்த்தீர்களா என்கிற மாதிரி, பின்னால் நிற்பவருக்குக் கேட்கட்டும் என்றே சிரித்தேன். பிறகு மூக்கை வானத்தைப் பார்க்கத் திருப்பி, முழு வேகத்தில் செங்குத்தாக ஏற்றினேன்.

ராட்செட் அப்போதுதான் கழன்று, உடம்புக்குள் முழு நீளமும் வழுக்கி, வாலில் போய் விழுந்திருக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே நான் ஒட்டச் சொன்ன ஈயம் இருந்தது.

மேலே போனதும் மூக்கைத் தணிக்க ரிமோட்டின் குச்சியைத் தள்ளினேன். தணியவில்லை. விமானம் நின்ற இடத்திலேயே பின்பக்கமாகச் சாய்ந்து, சுழன்று, பாதி உயரம் விழுந்து, தானாகவே மூக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி கிளம்பியது. குச்சியை முழுக்க முன்னால் தள்ளிப் பிடித்திருந்தேன். அப்படியும் மூக்கு மேலே மேலே எழும்பியது, விழுந்தது, எழும்பியது. ஒவ்வொரு எழுச்சிக்கும் ஷாமியானா பக்கமாக நெருங்கி வந்தது.

எனக்கு அந்த விநாடியில் பிள்ளைகள் கண்ணில் படவில்லை. ஒன்றரை வருஷ உழைப்பு மட்டும்தான் பட்டது. ஷாமியானாவைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் வெட்டவெளி, எப்படியாவது வயிற்றால் இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

"தண்ணி பக்கம் சார்" என்றது பின்னாலிருந்து குரல்.

"முடியும், முடியும்."

"சார். புள்ளைங்க கீதுங்க. தண்ணி பக்கம்."

நான் திருப்பவில்லை. பதினைந்து வருஷத்தில் அந்த ஒரே தடவைதான் அவர் ரிமோட்டில் கை வைத்தார். என் தோளுக்கு மேலாக நீண்டு வந்த கை, இடது மூலையில் இருக்கிற எஞ்சின் சுவிட்சை அணைத்தது. இரைச்சல் நின்றது. அதற்குப் பிறகு எனக்கு வேறு வழியே இல்லை. விமானத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினேன். விமானம் கடைசி வரிசைப் பிள்ளைகளின் தலைக்குப் பக்கவாட்டில், அவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற உயரத்தில் போய், ஏரித் தண்ணீரில் விழுந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பிள்ளைகள் இதுவும் வேடிக்கையில் சேர்ந்தது என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

தன் கட்டிலில் படுத்துக் கிடந்த ரெக்கையைத் தன் கையாலேயே தண்ணீருக்கு அனுப்பினார் அந்த அம்மாள். அதற்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும் என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது.

செயலாளர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். "யார் பேலன்ஸ் பார்த்தது?"

நான் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான் சார்" என்றார் ஸ்டெல்லாம்மா. கொஞ்சம் பொறுத்து, "எஞ்சினை நிறுத்துனதும் நான்தான்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் காதில் வாங்கவில்லை.

சாயங்காலம் கருவிப் பெட்டியைத் திறந்தேன். ராட்செட்டின் குழி காலியாக இருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காலையில் செய்த ஒவ்வொன்றும் கண் முன்னால் வந்தது. அப்போதே மானாம்பதிக்கு வண்டியை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

மறுநாள் மீன்காரர்கள் வலை போட்டு விமானத்தை இழுத்தார்கள். ஸ்டெல்லாம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களோடு சேற்றில் இறங்கினார். நான் கரையில் நின்றேன். "உள்ளே ஏதாவது இருந்துதா?" என்று கேட்டேன். அவர் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சேறுதான் சார்" என்றார். ராட்செட் ஏரிக்குள் போய்விட்டது, இனி அது வெளியே வராது என்று எனக்கு நிம்மதி. ஆமாம், நிம்மதி. அதற்கு வேறு சொல் தேட மாட்டேன்.

கல்லூரி விளக்கம் கேட்டது. 'நிறை பார்த்ததில் நேர்ந்த குறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாருடைய குறை என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. ஒரு இன்ஸ்ட்ரக்டரும் ஒரு அட்டெண்டரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், தப்பு யாருடையது என்று எங்கள் ஊரில் யாரும் நின்று யோசிக்க மாட்டார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அப்படி எழுதினேன். ஸ்டெல்லாம்மாவை ஆய்வகத்திலிருந்து தூக்கி, பழைய விடைத்தாள் கட்டுகள் அடுக்குகிற அறைக்குப் போட்டார்கள். கடைசிவரை அவர் அந்த அறையில்தான் இருந்தார். அந்தத் தூசியில் இருமிக்கொண்டே இருப்பார்.

இரண்டு மாதம் நான் மானாம்பதிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பிறகு ஒருநாள் அவரே போன் செய்தார். "மரம் வந்து கீது சார். எப்ப வரீங்க?" அவ்வளவுதான். போனேன். இந்தத் தடவை எல்லாமே அவர் வீட்டில். கொக்கிக்குப் பதில் உத்தரம்.

ஒரு புது வழக்கம் மட்டும் சேர்ந்தது. தரையில் ஒரு பழைய வெள்ளைத் துப்பட்டியை விரிப்பார். அதில் ஒவ்வொரு கருவியையும் வைத்து, மார்க்கர் பேனாவால் சுற்றிக் கோடு இழுத்து வைத்திருந்தார். மேல்மூடியைப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அது அதன் கோட்டுக்குள் இருந்தால் நான் பதில் சொல்ல வேண்டும்.

"ஸ்க்ரூ டிரைவர்?"

"இருக்கு."

"இருக்குன்னா ஆபீஸ்ல பைலு கேட்ட மாதிரி கீது. கீதுன்னு சொல்லுங்க சார்."

"அந்தப் பாஷை எனக்கு வராது ஸ்டெல்லாம்மா."

"அதெல்லாம் வரும். பசி எடுத்தா தானா வரும்."

கடைசியாகக் கூப்பிடுவது எப்போதும் ராட்செட். நான் புதிதாக ஒன்று, அதே அளவில், வாங்கி வைத்திருந்தேன். "ராட்செட்?" என்பார். "இருக்கு" என்பேன். ஒரு நொடி என் முகத்தைப் பார்ப்பார். "சரி, மூடுங்க" என்பார். ஏழு வருஷம், ஞாயிற்றுக்கிழமைதோறும்.

சொல்ல முயலாமல் இல்லை. போன வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள், வேலை ஓடாமல் சும்மா உட்கார்ந்திருந்தபோது, "ஸ்டெல்லாம்மா, அந்த ஏரி விஷயம்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையில் இருந்த இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "...அன்னைக்கு நல்ல வெயில் இல்ல?" என்று முடித்தேன். அவர் இஸ்திரிப் பெட்டியை மறுபடி கையில் எடுத்தார். "டீ ஆறிப் போவுது, குடிங்க சார்" என்றார். குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மானாம்பதிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. பாதர் ஜெபம் சொன்னார். மண் போட்டேன். திரும்பி வீட்டுக்கு வந்தபோது, கட்டிலில் இருந்த புது ரெக்கையைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு பாதிக்குத்தான் ஃபிலிம் ஒட்டியிருந்தது. ரீட்டா உள்ளே போய் அந்த வெள்ளைத் துப்பட்டியை மூட்டையாகக் கட்டியபடியே கொண்டுவந்து கொடுத்தாள்.

"இது உங்களுது சார். பிரிச்சிப் பாருங்க."

பிரித்தேன். கருவிகளுக்கு நடுவில், செய்தித்தாளில் சுற்றி ஒன்று இருந்தது. துரு இல்லை, எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தது. கைப்பிடியில், நானே ஒர்க்‌ஷாப்பில் அடித்த என் பெயரின் முதல் எழுத்து. பழைய ராட்செட். கூடவே, அன்றைக்கு வாலில் போட்ட டேப்பிலேயே வரிசையாக ஒட்டிய ஈயக் குண்டுகள்.

அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"சேத்துல இருந்து எடுத்தப்பவே வாலுக்குள்ள இருந்திச்சாம் சார்" என்றாள் ரீட்டா. "மடியில கட்டிக்கினு வந்துட்டாங்க. காலேஜில காட்டும்மா, உன் மேல தப்பில்லன்னு தெரியட்டும்னு நான் சண்டை போட்டேன். 'ராட்செட் எங்கன்னு சாரு அவரே கேப்பாரு, கேக்கும்போது குடுத்துக்கலாம்'னாங்க."

"அவங்களுக்குக் கோபம் வரலையாம்மா?"

"வராம? ரெண்டு மாசம் உங்க பேரை எடுத்தாலே எழுந்து போய்டுவாங்க. அப்புறம், 'போவுது, அந்தாளு கை மாதிரி வேற கை கெடைக்காது'ன்னு அவங்களே போன் பண்ணாங்க." அவள் மூட்டைத் துணியின் ஓரத்தை நீவிவிட்டாள். "ஆனா ஞாயித்துக்கெழமை நீங்க வண்டி எடுத்துக்கினு போனதும் ஒண்ணு சொல்லுவாங்க சார். 'இன்னிக்கும் கேக்கல'ம்பாங்க."

அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அம்மாவைப் பற்றி நினைவு வந்ததைச் சொன்னாள். எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்தது. வயதான ஆள் இப்படித் தேம்பி அழுவதைப் பார்த்து வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன்.

செயலாளர் அவர்களே, முன் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். அன்றைக்கு நான் கொடுத்த விளக்கம் தவறானது என்று எழுதி, உங்கள் மேஜையில் நேற்றே கொடுத்துவிட்டேன். அவருடைய கோப்பில் இருக்கிற பழைய தாளை எடுத்துவிட்டு இதை வையுங்கள். என் மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள். விமானத்தைக் கட்டியவரும் அவர், பழுது இருப்பதாகச் சொன்னவரும் அவர், உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றியவரும் அவர். அன்றைக்குக் கை தட்டிய பிள்ளைகள் இப்போது நம் கல்லூரியிலேயே படிக்கிறார்கள். இந்த அரங்கில் அவர்களும் இருப்பார்கள். யாருடைய கை அந்தச் சுவிட்சை அணைத்தது என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேற்று மத்தியானம் மானாம்பதிக்குப் போனேன். மீதி ரெக்கைக்கு ரீட்டா இஸ்திரி போட்டிருந்தாள், அம்மாவின் கை அவளுக்கும் வந்திருக்கிறது. துப்பட்டியை விரித்து, கருவிகளைக் கோட்டுக்குள் வைத்தேன். ராட்செட்டின் கோட்டில் பழையதை வைத்தேன். அச்சுப் பிசகாமல் பொருந்தியது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் அந்தக் கோட்டை இழுத்ததே இதை வைத்துத்தான். கைப்பிடியில் அடித்த எழுத்தைக்கூடத் துணியில் எழுதியிருந்தார். ஒவ்வொரு வாரமும் அதன் மேல் புதியதை வைத்து மூடியிருக்கிறேன், பார்க்கவில்லை.

அவர் கூப்பிடுகிற வரிசையிலேயே நானே ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். கடைசிப் பேரைச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். என் இடது தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

போய் வாருங்கள் ஸ்டெல்லாம்மா. ஏழு வருஷமாக நீங்கள் கேட்டீர்கள், நான் வேறொன்றைக் காட்டிப் பதில் சொன்னேன். இன்றைக்கு, இத்தனை பேர் முன்னால், நீங்கள் சொல்லச் சொன்ன மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

ராட்செட் கீது. என் கையிலதான் கீது.